அப்பாவின் பழைய செட்டுக்கு வயர் எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: பண்டாரவளையில் இருக்கிறோம். அப்பா பாவித்த அம்ப்ளிபயரையும் ஸ்பீக்கர்களையும் 20 வருசத்துக்கு அப்புறம் எடுத்து வைத்தேன். ஒரு பக்கம் கரகரக்கிறது. கடையில் "வயர் பழசு, செம்பு செத்துப்போச்சு, எல்லாத்தையும் மாத்துங்க" என்கிறார்கள். ஓடியோ வயருக்கு வயசானால் உண்மையிலேயே சத்தம் கெடுமா?

பதில்:

செம்பு சாகாது. வயருக்கு வயசாவது நடுவில் இல்லை, இரண்டு முனைகளிலும்தான்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துக்காரன். 16 வருசமாகத் தேர்த் திருவிழா, கல்யாணம், காமன் கூத்து என்று சவுண்ட் செட் போடுகிறேன். ஒரு மாசி மாதம், கூத்து நடுச்சாமத்தைத் தாண்டிய நேரம், வாத்தியார் பாட்டெடுக்கும்போதெல்லாம் மைக் விட்டுவிட்டு வந்தது. ஜெக்கைப் பிடித்து அசைத்தால் வரும், கையை எடுத்தால் போகும். "தம்பி, என்னான்னு பாரு" என்றார். வேறு வயர் போட்டுச் சமாளித்தேன். விடிந்ததும் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து அந்த வயரைப் பிளந்து பார்த்தேன். ஜெக்கின் கழுத்திலிருந்து ஒரு விரல் நீளத்துக்குள், சுற்றிப் பின்னியிருக்கும் ஷீல்ட் இழைகளில் நாலைந்துதான் மிச்சம். மற்றதெல்லாம் ஒடிந்து கருத்திருந்தது, ஊதினால் தூளாகப் பறந்தது. ஒரு முழம் தள்ளி வெட்டினேன். உள்ளே செம்பு, புளி போட்டு விளக்கிய குடம் மாதிரி மின்னியது. ஒரே வயர், ஒரே வயசு. முனையை வெட்டி ஜெக்கைத் திரும்ப ஈயம் வைத்தேன். இன்றைக்கும் அந்த வயர் வேலை செய்கிறது.

மின்சாரம் ஓடுவதால் செம்பு தேய்வதில்லை. 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் 20 மீற்றர் தூரம் போய் வந்தால் தடை அரை ஓம் கூட வராது. 20 வருசம் கழித்து அளந்தாலும் அதே கணக்குத்தான். புது வயரை 100 மணித்தியாலம் ஓடவிட்டால் சத்தம் கனியும் என்று சொல்கிறார்களே, அதையும் நான் நம்புவதில்லை. வயருக்குள் கனிவதற்கு ஒன்றும் இல்லை, நம் காதுதான் பழகுகிறது.

கெடுவது வேறு. ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் செம்பு இறுகி ஒடியும். அதனால்தான் முழங்கையில் சுற்றி மடக்குவதை என் பையன்களிடம் விடவே மாட்டேன். ஈயம் வைத்த இடம் வெடிக்கும். வெளித்தோல் பிளாஸ்டிக்கில் இளக்கத்துக்காகக் கலந்த எண்ணெய்ச் சரக்கு மெல்ல வெளியேறி, தோல் விறைத்துப்போகும் அல்லது பிசுபிசுக்கும். கண்ணாடி மாதிரித் தோல் போட்ட ஸ்பீக்கர் வயரில் பச்சை படிவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் அது சத்தத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தப் பச்சை முனையில், ஸ்குரூவுக்குக் கீழே இருந்தால் தொடுப்பு கெடும். நம் ஊர்க் காற்றில் இது சீக்கிரம் நடக்கும். வட்டவளை, கினிகத்தேனை பக்கம் மழைக்காலத்தில் பெட்டிக்குள் மூடி வைத்த ஜெக் கூட மங்கிப்போகிறது.

சரி, உங்கள் செட்டுக்கு வருவோம். காசு செலவழிக்க முன்னம், அம்ப்ளிபயரை நிறுத்திவிட்டு அதன் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மட்டும் மாற்றிச் செருகுங்கள். கரகரப்பு அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் அந்த வயரில் குற்றம் இல்லை, அம்ப்ளிபயர் பக்கம்தான் கோளாறு. சும்மா கிடந்த அம்ப்ளிபயரில் பெரும்பாலும் வொலியூம் திருகிதான் கரகரக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதை இருபது முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகுங்கள். மின் தொடுப்புகளைச் சுத்தம் செய்யும் கொன்டாக்ட் கிளீனரும் கொஞ்சம் அடித்தால் நல்லது. அம்ப்ளிபயருக்குப் பாட்டைக் கொண்டுவரும் வயரின் சிவப்பு வெள்ளைப் பின்களையும் ஐசோபுரோபைல் அல்ககோலில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், முலாம் போய்விடும். தாவாமல் அதே ஸ்பீக்கரில் நின்றால், வயரின் முனை அல்லது ஸ்பீக்கர். வயரின் இரண்டு முனையிலும் ஓர் அங்குலம் வெட்டி, புதுச் செம்பு தெரியும்வரை தோலை உரித்து, இழைகளை இறுக்கி முறுக்கி மாட்டுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், முலாம் போய்விடும்.

அப்படியும் புது வயர்தான் வேண்டும் என்றால், வாங்கும்போது ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். தடையும் கூட, சீக்கிரம் ஒடியும். அதை வாங்கி மாட்டுவதற்காக அப்பாவின் செம்பு வயரைக் கழற்றிவிடாதீர்கள். மாற்றிச் செருகிய பிறகு கரகரப்பு எந்தப் பக்கம் போனது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.