ஆம்ப்ளிஃபயருக்குத் தனி லைன் இழுக்க எந்த ஒயர் போடலாம்?

தனி லைன் என்றால், டி.பி. பெட்டியில் (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்) வைத்து, வழியில் எதற்கும் கிளை பிரியாமல் ஆம்ப்ளிஃபயர் பிளக் வரை வரும் ஒயர். மாடித் தொட்டியிலிருந்து குளியலறைக்குத் தனிக் குழாய் இறக்கினால், அடுப்படியில் குழாயைத் திறந்தாலும் ஷவர் தளராதல்லவா? அதே கதைதான். ஃபிரிட்ஜ் கிளம்பும்போது அதன் ஒயரில் குறையும் வோல்டேஜ் இங்கே தெரியாது. ஆனால் டி.பி.க்கு வருமுன்பே, தெரு லைனிலேயே வோல்டேஜ் குறைந்தால் இது மருந்தில்லை.

2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. போதும். 15 மீட்டர் தூரத்தில் 10 ஆம்பியர் ஓடினால் இழப்பு சுமார் 2 வோல்ட். 4 சதுர மி.மீ. என்றால் ஒன்றரைக்குள். ராயபுரம், காசிமேடு பக்கம் என் கவலை ஒயரில் இல்லை, முனையில். உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து அவ்வப்போது ஸ்க்ரூவைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ஆடியோவுக்கென்று தனி எர்த் அடித்தால் இரைச்சல் போகும் என்பார்கள். வீட்டு எர்த்தோடு சேராத எர்த் ஆபத்து.