இருட்டில் எந்த மரமும் ஆக்சிஜன் தருவதில்லை

கேள்வி: அரச மரம் இருபத்து நான்கு மணி நேரமும் ஆக்சிஜனை வெளியிடுகிறது, துளசி ஓசோனைத் தருகிறது, புளிய மரம் இரவில் கரியமில வாயுவைக் கக்குவதால்தான் அதன் அடியில் படுக்கக் கூடாது என்பவற்றையெல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்து வைத்திருந்தனர். இவற்றைப் பாடநூல்களில் சேர்க்க விஞ்ஞானிகள் ஏன் தயங்குகிறார்கள்? மேலும், என் படுக்கையறையில் இருக்கும் மணி பிளாண்ட்டை எடுத்துவிட்டு, இரவிலும் ஆக்சிஜன் தரும் என்று நர்சரியில் சொல்லி விற்கும் ஸ்நேக் பிளாண்ட்டை வைக்கலாமா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: பாடநூலில் இவை இடம்பெறாததற்குக் காரணம் தயக்கம் அன்று, இவை உண்மையல்ல என்பதே காரணம். நீங்கள் சொன்ன மூன்றில் புளிய மரத்தைப் பற்றியது மட்டும் பாதி சரி. அது இரவில் கரியமில வாயுவை வெளியிடுகிறது. ஆனால் அரச மரமும் வேம்பும் துளசியும் அந்தப் பாடநூலைப் படிக்கும் மாணவனும் இரவில் செய்வது அதையேதான்.

இலை வெளியிடும் ஆக்சிஜன், அது உள்ளிழுக்கும் கரியமில வாயுவிலிருந்து பிரிந்து வருகிறது என்று படித்தவர்கள்கூட எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது வேர் உறிஞ்சிய தண்ணீரிலிருந்து வருகிறது. 1941இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ரூபன், மார்ட்டின் காமன் ஆகியோரும் அவர்களது குழுவினரும், எடை மிகுந்த ஆக்சிஜன்-18 அணுக்கள் கலந்த தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்து, அது வெளியிட்ட வாயுவை ஆராய்ந்தபோது, தண்ணீரில் இருந்த அதே விகிதத்தில் அந்த அணுக்கள் வாயுவிலும் இருக்கக் கண்டார்கள். தண்ணீர் மூலக்கூறு தானாக உடைவதில்லை. அதைப் பிளக்கும் ஆற்றல், பச்சையத்தின் மீது விழும் ஒளியிலிருந்துதான் கிடைக்கிறது. ஒளி நின்றால் பிளப்பதும் நின்றுவிடுகிறது, ஆக்சிஜனும் நின்றுவிடுகிறது. இந்த விதிக்கு மரத்தின் வயதோ புனிதமோ விலக்கு வாங்கித் தருவதில்லை. பௌர்ணமி நிலவொளி போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. முழு நிலவின் ஒளி, நடுப்பகல் வெயிலில் ஏறத்தாழ நான்கு லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே.

சற்று விவரம் அறிந்தவர்கள் இந்த இடத்தில் வேறொரு வாதத்தை எடுப்பார்கள். கள்ளி, கற்றாழை, அன்னாசி போன்ற சில தாவரங்கள் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கின்றன. அரச மரமும் அந்த வகைதான் என்பது அவர்கள் கட்சி. வறண்ட நிலத்துத் தாவரம் பகலில் துளைகளைத் திறந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால், இரவின் குளிர்ச்சியில் வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து வைத்துக்கொண்டு, மறுநாள் வெயில் வந்ததும் துளைகளை மூடியபடியே அதைச் சர்க்கரையாக்குகிறது. இதன் தடயத்தை ஒரு மனிதர் நாக்கினால் கண்டறிந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தரங்கம்பாடிக்குச் சமயப் பணிக்காக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகி, 1819இல் சென்னையிலேயே மறைந்த பெஞ்சமின் ஹெய்ன், நம் ஊரில் ‘கட்டிப் போட்டால் குட்டி போடும்’ என்று அழைக்கப்படும் ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றும், மாலையில் ஏறத்தாழக் கசப்பாகவும் இருப்பதை 1813இல் ஒரு கடிதத்தில் எழுதினார். (அந்த இலை கால்நடைகளுக்கு நஞ்சாகக் கூடியது, ஆகவே வாசகர்கள் மென்று பார்க்க வேண்டாம்.) ஆனால் இந்தத் தாவரங்களும் இரவில் வாங்குவது கரியமில வாயுவைத்தான், ஆக்சிஜனை அவை தருவதில்லை. தண்ணீரைப் பிளக்கும் வேலை அவற்றுக்கும் பகல் வேலையே. எனவே அரச மரத்தை இந்தப் பட்டியலில் சேர்த்தாலும் உங்கள் கூற்றுக்கு அதனால் எந்த உதவியும் இல்லை.

இனி முன்னோருக்கு வருவோம். ஆக்சிஜன் என்ற வாயுவையே 1770களில்தான் ஷீலே, பிரீஸ்ட்லி என்ற வேதியியலாளர்கள் பிரித்துக் கண்டார்கள். மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றில் புதினாக் கொடியை வைத்தால், பத்து நாளில் அந்தக் காற்றில் மீண்டும் மெழுகுவர்த்தி எரிகிறது என்று 1771இல் பிரீஸ்ட்லி கண்டபோது, அதில் வெளிச்சத்தின் பங்கு என்னவென்று அவருக்குத் தெரியாது. அதைக் கண்டறிந்தவர் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர். 1779ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து, தாவரங்கள் வெயிலில் காற்றைத் தூய்மைப்படுத்துகின்றன, நிழலிலும் இரவிலும் அதைக் கெடுக்கின்றன என்று புத்தகத்தின் தலைப்பிலேயே அறிவித்தார். ஆக, புளிய மரத்தில் பேய் இருக்கிறது என்பது உள்ளூர்க் காரணம். புளிய மரம் வாயுவால் கொல்லும் என்பது, அந்த மருத்துவரின் கண்டுபிடிப்பு வெளியான பிறகு யாரோ நம் முன்னோரின் பெயரில் எழுதி வைத்த காரணம். முன்னோர் தங்கள் காரணத்தைத் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள்; அதைத் திருத்தி எழுதும் உரிமையை நமக்கு யார் தந்தது?

இங்கன்ஹவுஸ் கண்டது உண்மை. ஆனால் எவ்வளவு கெடுக்கிறது என்று கேட்க வேண்டும். ஓய்வாக இருக்கும் மனிதர் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 250 மில்லி லிட்டர் ஆக்சிஜனை உட்கொண்டு 200 மில்லி லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். எட்டு மணி நேரத் தூக்கத்தில் அது நூறு லிட்டரை ஒட்டி வரும். இலையோ இரவில் சுவாசிக்கும்போது, நல்ல வெயிலில் அது உள்ளிழுக்கும் வாயுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத்தான் வெளிவிடுகிறது. பெரிய புளிய மரத்தின் இலைகள் அனைத்தும் சேர்ந்து ஓர் இரவில் வெளிவிடுவதைத் தோராயமாகக் கணக்கிட்டால், அது ஒரு சிறு குடும்பம் உறங்கும்போது விடும் மூச்சுக்கு ஈடாக இருக்கும். அதுவும் உயரத்தில், திறந்த வெளியில், காற்றோடு கலந்து போகிறது. வெளிக்காற்றில் கரியமில வாயுவின் அளவு இன்று ஏறத்தாழ 0.04 சதவீதம். தொழிற்சாலைகளில் எட்டு மணி நேரம் சுவாசிக்கலாம் என்று விதிக்கப்பட்ட உச்ச வரம்பு 0.5 சதவீதம். மரத்தடியில் படுப்பவர் அந்த வரம்பின் அருகில்கூடச் செல்வதில்லை. கரியமில வாயுவுக்கு அஞ்சுபவர் முதலில் அஞ்ச வேண்டியது, மூடிய அறையில் தம் பக்கத்தில் குறட்டை விடுபவருக்கே. அவருக்கும் அஞ்சத் தேவையில்லை, ஒரு சன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

ஆக்சிஜன் குறைந்துவிடும் என்ற அச்சமும் இதே போன்றதுதான். பத்தடி நீளம், அகலம், உயரம் கொண்ட அறையில் சுமார் 28,000 லிட்டர் காற்று இருக்கிறது; அதில் 21 சதவீதம், அதாவது 5,900 லிட்டர் ஆக்சிஜன். கதவிடுக்குகளையெல்லாம் அடைத்து ஒருவர் எட்டு மணி நேரம் உறங்கினாலும் அவர் செலவிடுவது 120 லிட்டர், நூற்றுக்கு இரண்டு பங்கு. வெளிக்காற்றில் உள்ள ஆக்சிஜன் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பு. இரவு வந்தால் அது குறைந்து நாம் திணறுவதும் இல்லை, விடியலில் அரச மரத்தடியில் அதன் அளவு கூடுவதும் இல்லை. அரச மரத்தை வலம் வருபவர்களை நான் குறை சொல்லவில்லை. வழிபாட்டுக்கு வழிபாடே போதிய காரணம். அதற்கு ஆக்சிஜன் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க முனைபவர்களுக்குத்தான் தங்கள் நம்பிக்கையின் மீது நம்பிக்கை போதவில்லை.

துளசி ஓசோன் தருமானால் அதை வீட்டு முற்றத்தில் வளர்க்கவே கூடாது. ஓசோன் மேலே 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்போது புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கிறது; தரைமட்டத்தில் அது நுரையீரலை அரிக்கும் மாசு. அது உருவாகப் புற ஊதாக் கதிரோ, மின்பொறியோ, வாகனப் புகையின் மீது விழும் வெயிலோ தேவை. துளசிக்கு இந்தப் பழி வேண்டாம்.

ஸ்நேக் பிளாண்ட், மேற்சொன்ன கற்றாழையைப் போல இரவில் இலைத்துளைகளைத் திறக்கும் வகையைச் சேர்ந்தது. இரவில் கொஞ்சம் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், ஆக்சிஜன் தராது. நாசா பரிந்துரைத்த செடி என்றும் உங்கள் நர்சரிக்காரர் சொல்லியிருக்கக்கூடும். 1989இல் வெளியான அந்த ஆய்வு, சிறிய, காற்றுப் புகாத பெட்டிகளுக்குள் பென்சீன் போன்ற வாயுக்களை வைத்துச் செய்யப்பட்டது. அத்தகைய ஆய்வுகளின் முடிவுகளைப் பின்னர் தொகுத்துக் கணக்கிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், சாதாரணக் கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டியிருக்கும் என்று காட்டினார்கள். அவ்வளவு செடிகளை வைத்தால் அறையில் கட்டில் போட இடம் இராது.

ஆகவே மணி பிளாண்ட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அழகாக இருப்பதாகத் தோன்றினால் ஸ்நேக் பிளாண்ட்டையும் வாங்குங்கள். திறந்த வெளியில் புளிய மரத்தடியில் படுக்க நேர்ந்தால், காய்ந்த கிளை ஏதும் தலைக்கு மேல் தொங்குகிறதா என்றும், வேர்ப் பொந்தில் பாம்போ தேளோ இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் படுங்கள். படுக்கையறைத் தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்; அதை வாரம் ஒரு முறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.