மறக்க முடியாத கஸ்டம் பைக் (சொந்த விருப்பப்படி மாற்றி அமைத்த பைக்) எது? அதை உருவாக்கியவர் யார்?

என்னைக் கேட்டால், நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊரைச் சேர்ந்த பர்ட் மன்ரோவின் 'இந்தியன் ஸ்கௌட்'தான். ('இந்தியன்' என்பது ஓர் அமெரிக்க பைக் நிறுவனம்.) பளபள பெயின்ட், உயரமான ஹேண்டில்பார் எல்லாம் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வேகத்துக்காக மட்டுமே மாற்றிய வண்டி இது.

1920இல் அவர் வாங்கியபோது 600 சிசி இன்ஜின். மணிக்கு 90 கிமீ தொட்டாலே பெரிய விஷயம். கையில் காசும் அவ்வளவாகக் கிடையாது. அதனால் கொட்டகையிலேயே உலோகத்தை உருக்கி, பழைய டப்பாக்களை அச்சாக வைத்து பிஸ்டன் வார்த்தார். டிராக்டர் ஆக்சிலை அறுத்து, ராவி ராவி, பிஸ்டனோடு இணையும் கனெக்டிங் ராடு செய்தார். உடைந்துபோன பாகங்களையும் தூக்கிப் போடவில்லை. 'வேகக் கடவுளுக்குக் காணிக்கை' என்று எழுதி அலமாரியில் அடுக்கினார். நம்ம ஊர் உண்டியல் தோற்றது போங்கள்!

அப்புறம் 1967 ஆகஸ்டில், 68 வயதில், வேகச் சாதனைகளுக்குப் பேர்போன அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் அதே வண்டி. இன்ஜின் இப்போது 950 சிசி. 1000 சிசிக்குக் கீழான பிரிவில் உலக சாதனை: போகவும் வரவும் ஓட்டிய சராசரி மணிக்கு 183.586 மைல், அதாவது சுமார் 295 கிமீ. அந்தச் சராசரிக் கணக்கிலேயே பிழை இருப்பதை அவர் மகன் கண்டுபிடிக்க, 2014இல் அது 184.087 மைல் என்று திருத்தப்பட்டது.