கை களைக்கிறது, ரத்தக்குழாய் ஏன் களைப்பதில்லை?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மா துறைமுகத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்பவர். பிரஷருக்கு ஆம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறார். ரத்தக்குழாய்த் தசை இறுக்கிப் பிடிக்கிறது, அதைத் தளர்த்தத்தான் மாத்திரை என்று டாக்டர் சொன்னாராம். அதற்கு அம்மா, "அரை மணி நேரம் கூடையைப் பிடிச்சா என் கையே விட்டுப்போகுது, ராத்திரி பகலா பிடிச்சிருக்கிற தசை களைச்சுப்போய்த் தானா விட்டுடாதா?" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் மாத்திரையை நிறுத்தியும் பார்த்திருக்கிறார். பிரஷர் நார்மல்தான் காட்டியதாம். இனி மாத்திரை எதற்கு என்கிறார். சாயங்காலம் கால் வீங்குவதாகவும் சொல்கிறார்.

விடாதும்மா, அந்தத் தசை களைக்காது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஆனால் உங்கள் அம்மா கேட்டது லேசான கேள்வி இல்லை, உடலியல் ஆராய்ச்சியாளர்களே வெகுநாள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி.

கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாக நின்று ஆளுக்கொரு பிடி பிடித்து இழுத்து, கையை விட்டு, முன்னால் போய் மறுபடி பிடிப்பார்கள். தசைக்குள்ளும் அதேதான் நடக்கிறது. கயிறு என்பது ஆக்டின் என்ற புரத இழை, இழுக்கிற கைகள் மயோசின் என்ற புரதத்தின் தலைகள். ஒவ்வொரு முறை விட்டுப் பிடிக்கவும் ஒரு ஏடிபி செலவு, அதுதான் செல்லின் எரிபொருள். கூடையை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாலும் கைத்தசைக்குள் இந்த விடுவதும் பிடிப்பதும் வேகமாக நடந்துகொண்டே இருக்கும், அதனால்தான் சும்மா நின்றாலும் கை ஓய்ந்துபோகிறது.

ரத்தக்குழாய்ச் சுவரில் இருப்பது மென்தசை. அதிலும் மயோசின்தான், ஆனால் வேறு வகை, நிதானமானது. இதை எழுப்பும் முறையும் வேறு. செல்லுக்குள் கால்சியம் நுழைந்து கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு கைனேஸ் நொதியைத் தட்டி எழுப்ப, அந்த நொதி மயோசினின் கழுத்துப் பகுதியில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும், அப்புறம்தான் தலை வேலைக்கு வரும். பாஸ்பட்டேஸ் என்ற இன்னொரு நொதி அதைக் கழற்றிவிடும். கழற்றினால் பிடி விட வேண்டும் அல்லவா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

1981-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மர்ஃபியின் குழு பன்றியின் கழுத்துத் தமனித் தசையில் இதை அளந்து பார்த்தது. நேரம் ஆக ஆக பாஸ்பேட் குறைந்தது, சுருங்கும் வேகமும் குறைந்தது, இறுக்கம் மட்டும் அப்படியே நின்றது. பிடித்திருக்கும்போதே பாஸ்பேட்டை இழந்த தலை உடனே விடுவதில்லை, தாழ்ப்பாள் போட்ட மாதிரி அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்திலும் இதற்கு 'லாட்ச்' என்றே பெயர் வைத்தார்கள். தலை விட வேண்டுமென்றால் முதலில் அதன் குழியிலிருந்து பழைய ஏடிபி (ATP) உடைந்து மிஞ்சிய ADP வெளியேற வேண்டும், பிறகு புது ஏடிபி வந்து உட்கார வேண்டும். மென்தசையில் அந்த மிச்சம் வெளியேறுவதே மெதுவாக, தலையை எதிர்ப்பக்கம் இழுத்தால் இன்னும் மெதுவாக. அதாவது ரத்தம் சுவரை வெளியே தள்ளத் தள்ள, பிடி தங்குகிறது! கைத்தசை இதே இறுக்கத்துக்குச் செலவழிப்பதில் 10-ல் ஒரு பங்கு, சில தசைகளில் 300-ல் ஒரு பங்குகூடப் போதும் என்று பாடநூல்கள் கணக்குச் சொல்கின்றன. இவ்வளவு சிக்கனமாகப் பிடிக்கிற தசை எப்படிக் களைக்கும்?

அம்மாவுக்கு மட்டியைக் காட்டிச் சொல்லுங்கள். உயிருள்ள மட்டியின் ஓட்டை விரலால் பிரிக்க முடியாது, மணிக்கணக்கில் இறுக மூடியிருக்கும். அதில் பூட்டுப் போடுவது ட்விட்சின் என்ற வேறொரு புரதம், ஆனால் செலவில்லாமல் பிடித்திருக்கும் வித்தை ஒன்றுதான்.

சரி, மாத்திரைக்கு வருவோம். ஆம்லோடிபின் தாழ்ப்பாளை உடைப்பதில்லை. கால்சியம் நுழையும் வாசலை அடைக்கிறது. புதிதாக பாஸ்பேட் ஒட்டுவது குறையும், ஏற்கெனவே பிடித்த தலைகள் மெல்ல விடும், குழாய் விரியும். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். மூன்றாம் நாள் பார்த்த நார்மலில் மிச்சமிருந்த மருந்தின் வேலையும் இருக்கிறது. அதை நம்பி விட்டால், ஒரு வாரம் பத்து நாளில் வாசல் திறந்து பழைய இறுக்கம் வந்துவிடும், பெரும்பாலும் உடம்புக்கு எந்த அறிகுறியும் தெரியாமலே. அதுதான் எனக்குக் கவலை.

ஒரு நாள் மறந்துவிட்டால் அன்றைக்கே ஞாபகம் வரும்போது போட்டுக்கொள்ளலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. துறைமுகத்துக்குக் கிளம்பும் முன் டீ குடிக்கிற நேரத்தில் தினமும் போடச் சொல்லுங்கள்.

கால் வீக்கம் அம்மாவின் கற்பனை இல்லை. இந்த மருந்து சிறு தமனிகளை விரிக்கிற அளவுக்குச் சிரைகளை விரிப்பதில்லை, அதனால் கணுக்காலில் நீர் கசிந்து தேங்கும், நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இன்னும் அதிகம். இதைச் சொல்லாமல் மாத்திரையை விட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது சிரையையும் விரிக்கிற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார். வீக்கம் ஒரு காலில் மட்டும் இருந்தாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் அன்றே கூட்டிப்போங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் காலையில் எடுத்த பிரஷர் அளவுகளை ஒரு தாளில் குறித்து, மூன்று நாள் நிறுத்தியதையும் மறைக்காமல் சொல்லி, இந்த வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள்.