யாரிடம் சொல்ல வேண்டுமோ, அவரிடம்: கேள்வி பதில்

உறவு, நேர்மை, பொறுப்பு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நேற்று வரை என்னோடு சேர்ந்து மேலாளரைத் திட்டிக்கொண்டிருந்த நண்பர்களுக்கு இப்போது நானே குழுத் தலைவர். எப்படி நடந்துகொள்வது?

பதில்: முதலில், இனி அவர்கள் திட்டப்போவது உங்களைத்தான். நீங்கள் வந்ததும் பேச்சு நின்றால் மனம் வலிக்கத்தான் செய்யும். அதைத் துரோகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புதிதாகப் பொறுப்புக்கு வருபவர்களில் சிலர் திடீரென்று விறைத்துக்கொள்வார்கள். இன்னும் சிலர் எதுவுமே மாறாதது போல நடித்து, நண்பர் முடிக்காத வேலையை ராத்திரி உட்கார்ந்து தாங்களே முடிப்பார்கள். இரண்டாவதுதான் மோசம் என்பேன். அந்த நண்பர் திருந்த மாட்டார், மற்றவர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள், உங்களுக்கும் உள்ளுக்குள் கசப்பு சேரும்.

ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிவிடுங்கள். "நட்பில் மாற்றம் இல்லை. ஆனால் விடுப்பு, வேலைப் பங்கீடு, மதிப்பீடு மூன்றிலும் உனக்குத் தனிச் சலுகை கிடையாது. நிர்வாக விஷயம் ஏதாவது கேட்டால் சொல்ல முடியாது என்பேன், பொய் சொல்ல மாட்டேன்." இவ்வளவு போதும். அப்புறம் ஒன்று: ஒருவரைப் பற்றிய குறையை இன்னொருவரிடம் கொட்டும் பழைய பழக்கத்தை அன்றோடு விட்டுவிடுங்கள். தலைவர் வாயிலிருந்து வந்தால் அது வம்பாக இருக்காது, தீர்ப்பாகிவிடும்.

கேள்வி: மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் எண்களைக் கொஞ்சம் 'சரிசெய்ய'ச் சொல்கிறார் என் மேலதிகாரி. மற்றவர்கள் பேசாமல் தலையாட்டுகிறார்கள். எனக்கு மட்டும்தான் இது தவறாகப் படுகிறதா?

பதில்: இல்லை. தலையாட்டுகிறவர்களில் பாதிப் பேருக்காவது உறுத்திக்கொண்டிருக்கும்.

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். கோடுகளைக் காட்டி, நீளத்தில் எது எதற்குச் சமம் என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் சோதனைக்கு உட்பட்டவரைத் தவிர அறையில் இருந்த எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள், வேண்டுமென்றே ஒரே குரலில் தவறாகச் சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில் வந்த பதில்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு ஒத்துப்போய்த் தவறாகவே இருந்தது. ஆனால் அறையில் வேறு ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலும், அந்த ஒத்துப்போதல் ஏறத்தாழ கால் பங்காகக் குறைந்துவிட்டது.

அதனால் கூட்டத்தில் எழுந்து வீரவசனம் பேசுவதற்கு முன், உங்களைப் போலவே நினைக்கும் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அடுத்து, மேலதிகாரியிடம் தனியாகக் கேளுங்கள்: "இந்த எண் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?" குற்றச்சாட்டாக இல்லாமல் சந்தேகமாகக் கேட்டால், அவரும் கௌரவம் குறையாமல் பின்வாங்க ஒரு வழி இருக்கும். பலர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால், "உண்மையான எண்களைத்தான் என்னால் தர முடியும்" என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு, நிறுவனத்தில் புகார் சொல்ல என்ன வழி இருக்கிறதோ அதில் போங்கள். இதனால் ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கலாம். ஆனால் பொய் எண்ணுக்குக் கீழே உங்கள் கையெழுத்து இருந்தால், மாட்டும் நாளில் அவர் பக்கத்தில் நிற்க மாட்டார்.

கேள்வி: எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என் குணம். ஆனால் எல்லோரும் என்னைவிட்டு விலகுகிறார்கள். உண்மைக்கு மதிப்பில்லையா?

பதில்: உண்மைக்கு மதிப்பு இருக்கிறது. பத்துப் பேர் முன்னால் சொன்னீர்களா, தனியாகச் சொன்னீர்களா? உங்கள் குறையை யாராவது முகத்துக்கு நேராகச் சொன்னால் கேட்டுக்கொள்வீர்களா? இந்த இரண்டுக்கும் பதில் எழுதி அனுப்புங்கள், மேலே பேசுவோம்.

கேள்வி: கோபத்தில் நீளமாக எழுதி அனுப்பிவிட்டுப் பிறகு வருந்துகிறேன். எப்படி நிறுத்துவது?

பதில்: எழுதுவதை நிறுத்த வேண்டாம், அனுப்புவதை நிறுத்தினால் போதும். 1863 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பிறகு, எதிரிப் படையைத் தப்பவிட்ட தன் தளபதி மீட் மேல் அதிபர் ஆபிரகாம் லிங்கனுக்குக் கடும் ஆத்திரம். நீண்ட கடிதம் எழுதினார், ஆனால் கையெழுத்தும் போடவில்லை, அனுப்பவும் இல்லை. நீங்களும் பெறுநர் இடத்தைக் காலியாக விட்டு எழுதுங்கள். காலையில் படித்தால் பெரும்பாலும் ஒரு வரிதான் தேறும். அந்த ஒரு வரியை நேரில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: குழு செய்த தவறுக்குத் தலைவர் பழியை ஏற்றால் ஆட்களுக்குப் பயம் விட்டுப்போகாதா?

பதில்: பயம் விட்டுப்போக வேண்டும் என்பதுதானே நோக்கம்! 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. முதலில் அவருக்கே குழப்பம். பிறகு பார்த்தால், அங்கே தவறுகளைத் தயங்காமல் வெளியே சொல்கிறார்கள். மற்ற இடங்களில் மறைக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்குவதற்கு முன், அந்த முயற்சி தோற்றால் வெளியிடுவதற்காக அவற்றின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் ஒரு சிறு குறிப்பு எழுதி வைத்திருந்தார். படைகள் தங்கள் கடமையைச் செய்தன, குறை ஏதும் இருந்தால் அது என்னுடையது மட்டுமே என்பது அதன் சாரம். வெளியே பேசும்போது அப்படி. உள்ளே, தவறு செய்தவரோடு தனியாக உட்கார்ந்து, எங்கே பிசகியது என்று ஒளிவுமறைவில்லாமல் பேசத்தான் வேண்டும். இந்த இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்பவர், நல்ல பெயருக்கு ஆசைப்படுகிறார் என்றே நினைப்பேன்.

கேள்வி: நெருங்கிய நண்பர் வாங்கிய கடனைத் திருப்பித் தரவில்லை. கேட்டால் நட்பு போய்விடுமோ?

பதில்: கேட்காமல் இருப்பதால்தான் அது போய்க்கொண்டிருக்கிறது. அவர் அழைப்பை எடுக்க நீங்கள் தயங்குகிறீர்கள், உங்களைப் பார்க்க அவர் தயங்குகிறார். இன்னார் வாங்கி ஏமாற்றிவிட்டார் என்று மூன்றாம் ஆளிடம் சொல்வதற்கு முன் அவரிடமே பேசுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் மாதாமாதம் எவ்வளவு முடியும் என்று கேளுங்கள். சுத்தமாக முடியாது என்றால், விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்து அதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மனசுக்குள் மட்டும் மன்னித்தால், அவர் புதுச் சட்டை போடும்போதெல்லாம் கணக்குப் போடுவீர்கள்.