கந்தகம் தின்னும் பாக்டீரியா சோறு போடுமா?

"என் மகள் பாக்டீரியாவை வைத்துச் செம்பு எடுக்கும் வேலைக்குப் போவேன் என்கிறாள், இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்டிருந்தீர்கள். நடக்கிற காரியம்தான் அம்மா. சிலி நாட்டின் கெப்ராடா பிளாங்கா சுரங்கத்தில், 4,400 மீட்டர் உயரத்தில், 1994-லேயே தொழிலாகத் தொடங்கிவிட்டார்கள்.

உடைத்த தாதுவைப் பல மீட்டர் உயரத்துக்குக் குவித்து, மேலிருந்து அமில நீரைச் சொட்டவிடுவார்கள். அடியிலிருந்து காற்று ஊதுவார்கள். உள்ளே வாழும் பாக்டீரியா செம்பைத் தின்பதில்லை. அதற்குச் சோறு இரும்பும் கந்தகமும்தான். அது இரும்பை ஃபெரிக் நிலைக்கு (இன்னும் ஓர் எலக்ட்ரானை இழந்த நிலை) மாற்ற, அந்த இரும்பு தாதுவை அரித்துச் செம்பைக் கரைக்கிறது. மாதக்கணக்கில் ஆகும். அப்புறம் அந்தக் கரைசலிலிருந்து செம்பைப் பிரித்து, மின்சாரம் பாய்ச்சித் தகடாக எடுப்பார்கள்.

இதில் நுண்ணோக்கி முன் உட்காருபவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் பார்ப்பது அமில அளவு, காற்று, பம்பு, மின்பகுப்புத் தொட்டி. அதனால் 'பயோ' என்ற பெயரைப் பார்த்து ஏதாவது கல்லூரியில் சேர்த்துவிடாதீர்கள். பட்டப்படிப்பு உலோகவியலாகவோ வேதிப் பொறியியலாகவோ இருக்கட்டும், நுண்ணுயிரியலை எம்.டெக்கிலோ ஆராய்ச்சியிலோ சேர்த்துக்கொள்ளலாம். திருச்சி என்.ஐ.டி.யில் உலோகவியல் இருக்கிறது, கோவை பி.எஸ்.ஜி.யிலும் உண்டு. பாக்டீரியா கைவிட்டாலும் ஃபவுண்டரியும் எஃகு ஆலையும் இருக்கின்றன.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. மத்தியப் பிரதேசத்தின் மலஞ்ச்கண்ட் செம்புச் சுரங்கத்தில் இருப்பது பெரும்பாலும் சால்கோபைரைட் என்ற தாது. கரையத் தொடங்கியதுமே அதன் மேல் ஒரு படலம் படிந்து வேலையை மந்தமாக்கிவிடும். சிலியில் நன்றாகக் கரைந்தது சால்கோசைட் என்ற வேறு தாது. ஆகவே இந்தியாவில் இது இப்போதைக்கு ஆராய்ச்சியாளரின் வேலை. புவனேஸ்வரின் கனிம, மூலப்பொருள் தொழில்நுட்ப நிறுவனம், ஜாம்ஷெட்பூரின் தேசிய உலோகவியல் ஆய்வகம் ஆகியவற்றில் இந்தத் துறை ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எம்.டெக். சேர எழுதும் 'கேட்' (GATE) நுழைவுத் தேர்வு, பிஎச்.டி. என்று நீளும் பாதை. உங்கள் வீட்டு நிலவரத்துக்கு அந்தக் காத்திருப்பு தாங்குமா என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.

பிளஸ் டூ வேதியியலில் மின்வேதியியல் பாடம் அவளுக்குப் பிடிக்கிறதா? சுரங்க வீடியோ பார்த்து வரும் ஆர்வத்தைவிட அந்தப் பாடத்தில் இருக்கும் ஆர்வம்தான் எனக்கு முக்கியம். அவளிடம் கேட்டுவிட்டு, அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள்.