மார்பகப் பரிசோதனை: வாசகியர் கேள்விகள்

கேள்வி: மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வந்துவிட்ட பிறகும் கையால் தொட்டுச் சோதிப்பதில் பயன் உண்டா?

உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில், சுமார் ஒன்றரை லட்சம் பெண்களில் ஒரு பாதியினரை இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்தார்கள். சோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். நோய் முற்றுவதற்கு முன்பே பிடிபட்டது. 50 வயதைத் தொட்டவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. இளையவர்களிடம் அந்தக் குறைவு தென்படவில்லை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2015இல் இப்பரிசோதனையைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது உண்மைதான். ஆனால் அது மேமோகிராம் எளிதில் கிடைக்கும் நாட்டுப் பெண்களுக்குச் சொன்னது.

கேள்வி: மார்பில் கட்டி இருக்கிறது. என்ன மாத்திரை சாப்பிடலாம்?

வயது இல்லை, எத்தனை நாளாக என்பது இல்லை, யாரிடமாவது காட்டினீர்களா என்பதும் இல்லை. கட்டிக்குக் கடிதத்தில் மாத்திரை எழுத முடியாது. இந்த வாரமே நேரில் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு 42 வயது. முகாமில் ரவிக்கைக்கு மேலாகவே தொட்டுவிட்டு, 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிட்டார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

கூடாது. அது பரிசோதனையே அன்று. இதைப் பல முறை எழுதியும் இதே கடிதம் வந்துகொண்டே இருப்பது எனக்கு வேதனையளிக்கிறது. இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். அந்த ஒரு வாய்ப்பையும் அரை நிமிடத்தில் வீணாக்கினால், பொய்யான நிம்மதியோடு அந்தப் பெண் அடுத்த ஐந்தாண்டைக் கழிப்பார். முறையான பரிசோதனையில் மறைவான இடத்தில் மேலாடையை நீக்கி, முதலில் உட்காரவைத்துத் தோலில் சுருக்கமோ குழியோ, காம்பு உள்ளிழுத்தலோ உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு படுக்கவைத்துக் கையைத் தலைக்கு மேல் உயர்த்தச் சொல்லி, நடு மூன்று விரல்களின் நுனியால் அல்ல, அவற்றின் சதைப்பற்றான உட்புறத்தால், காரை எலும்பிலிருந்து மார்பின் அடிமடிப்பு வரை மேலும் கீழுமாக வரிவரியாக, ஒவ்வோர் இடத்திலும் மெதுவாக, நடுத்தரமாக, அழுத்தமாக என மூன்று அளவில் அழுத்தி உணர வேண்டும். அக்குளை விட்டுவிடக் கூடாது. ஒரு மார்புக்கே சில நிமிடங்கள் ஆகும். அவசரப்படுத்தினால், 'முழுமையாகச் சோதியுங்கள்' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெண் பணியாளர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

கேள்வி: மாதந்தோறும் நானே பார்த்துக்கொண்டால் போதாதா?

போதாது. ஷாங்காயில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், சுயபரிசோதனை கற்பித்ததால் மரணம் குறையவில்லை. உங்கள் உடலின் இயல்பை அறிந்து வைத்திருப்பது நல்லது. அதைப் பரிசோதனைக்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள்.

கேள்வி: கட்டி வலிக்கவே இல்லை. காத்திருக்கலாமா?

வேண்டாம். தொடக்கநிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை.

கேள்வி: மேமோகிராமில் ஒன்றுமில்லை; ஆனால் மருத்துவர் கையில் கட்டி தட்டுப்படுகிறது என்கிறார்.

கையை நம்புங்கள். பத்தில் ஒரு புற்றுநோயாவது மேமோகிராமின் கண்ணில் படாமல் போகும், குறிப்பாக அடர்த்தியான மார்பகங்களில். அல்ட்ராசவுண்ட் எடுத்து, தேவையானால் ஊசியால் திசு எடுத்துப் பார்த்துவிடுங்கள்.